முதலில் அளவெடுங்கள்: குமரி மாவட்ட இயன்முறை மருத்துவர்களுக்கு ஒரு தையல்காரியின் திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் நிலையங்களிலும் வீடு தேடிச் சென்றும் பணிபுரியும் இயன்முறை (பிசியோதெரபி) மருத்துவர்களுக்கும், அவர்களுடைய வேலை நேரத்தைத் தீர்மானிக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தக்கலைக்குப் பக்கத்தில் 28 வருடமாகப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்து வருகிறேன். நீங்கள் ஒரு தோள்பட்டையைப் பார்ப்பது வலி முற்றிய பிறகு. நான் பல நேரம் அதற்கு முன்பே பார்த்துவிடுகிறேன். கைக்குழி அளவெடுக்க "கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லும்போது, கை மேலே வராமல் உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எனக்குத் தெரிந்துவிடும். போன வருடம் பின்பக்கம் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டு போன அம்மா, அதே ஜாக்கெட்டை எடுத்து வந்து "இத முன்னால மாத்தித் தா மக்களே" என்பார். நான் ஏன் என்று கேட்பதில்லை. "எந்தக் கை?" என்றுதான் கேட்பேன்.

தோள் எங்கள் மண்ணில் சும்மா ஒரு உறுப்பு இல்லை. மேலே ஒரு சீலை போட்டுக்கொள்ளும் உரிமைக்காக எங்கள் பாட்டிமார் அடி வாங்கியிருக்கிறார்கள். 1859-ல், அன்று எங்களை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் உத்தரவு வரும்வரை அந்தத் தோள்சீலைப் போராட்டம் ஓயவில்லை. ஜாக்கெட் தைத்துச் சாப்பிடுகிறவள் என்பதால் இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றுதான். கழுத்து நோவு, தோள் நோவு என்று வருகிறவர் மேல் வைத்திய மிஷினை வைப்பதற்கு முன் அவரை அளவெடுங்கள். என்ன வேலை செய்கிறார், எப்படிப் படுக்கிறார், எந்த அசைவில் வலி கூடுகிறது, எதில் குறைகிறது, எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அதற்கேற்ப வைத்தியத்தை வெட்டித் தையுங்கள். என் கடையில் அளவு தப்பினால் துணிதான் பாழாகும். வேறு துணி வாங்கிக் கொடுத்துவிடலாம்.

இரண்டு வருடம் முன்பு எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் தையல் நவம்பரிலேயே தொடங்கிவிடும். டிசம்பர் 23 ராத்திரிவரை நாளுக்குப் பதிமூன்று பதினான்கு மணி நேரம் மிஷினில்தான். அந்த ஜனவரியில் பிடரியில் தொடங்கிய வலி வலது தோள் வழியாக முழங்கைக்கு இறங்கியது. பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்துப்போயின. ஊசிக்கண்ணில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டிய நிலை.

நான் போன ஒரு நிலையத்தில் சுவரோரமாக ஐந்து நாற்காலிகள் இருந்தன. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "கழுத்து எலும்பு தேய்மானம்" என்றார்கள். பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் நான்கு இடத்தில் பேட் ஒட்டி கரண்ட் வைத்தார்கள். பதினைந்து நிமிடம். அடுத்து சூட்டு ஒத்தடம், அடுத்து தாடையில் பட்டை மாட்டி இழுவை. இப்படிப் பத்து நாள். எனக்கு ஒரு பக்கம் பஸ் ஓட்டுகிற தம்பி, மறு பக்கம் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, அதற்கு அடுத்து வலையிழுக்கும் அண்ணன், கடைசியில் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி. ஐந்து பேருக்கும் ஒரே பேட், ஒரே பதினைந்து நிமிடம். பத்தாம் நாள் வீட்டில் செய்ய ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். மேசையில் இருந்த ஒரே கட்டிலிருந்து எடுத்து எல்லாருக்கும் அதையே கொடுத்தார்கள். அதில் தரையில் குப்புறப் படுத்துச் செய்கிற பயிற்சியும் இருந்தது. பாட்டி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தரையில படுத்தா என்னய யாரு மக்கா எடுத்து விடுவா?"

அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. ஓடி ஓடி வேலை செய்தார்கள். ஒருவரும் என்னிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒத்தடம் வைத்த சுகம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை இருந்தது.

அதன் பிறகு சொந்தக்காரர் ஒருவர் சொல்லி வேறொரு இயன்முறை மருத்துவரிடம் போனேன். என் மகள் வயசுதான் இருக்கும். முதல் நாள் மிஷின் எதையும் தொடவில்லை. "அக்கா, வலது கையத் தூக்கித் தலைமேல வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். முழங்கைவரை இழுத்த வலி கொஞ்சம் இறங்கியது. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு நெருக்கப்பட்டிருந்தால் அப்படிக் குறையுமாம். அண்ணாந்து பார்க்கச் சொன்னார், விரல் சுர்ரென்றது. குனியச் சொன்னார், ஒன்றும் இல்லை. "தையல்காரங்க எல்லாரும் குனிஞ்சுதானே இருப்பிய, உங்களுக்கு அண்ணாந்தா வலி வருது. மிஷின்ல இருந்து எனக்குக் காட்டுங்க" என்று ஒரு ஸ்டூலையும் மேசையையும் இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்து காட்டினேன். என் முகத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பார்த்தார். இரட்டைப் பவர் கண்ணாடி. கீழ்ப்பாதியில்தான் கிட்டப்பார்வை. ஊசி முனையை அந்தக் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க, நான் முதுகைக் கூனி, தாடையை மட்டும் முன்னால் நீட்டி மேலே தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன், பதினான்கு மணி நேரமாக. அப்படி நிமிர்த்தும்போது நரம்பு வெளியே வரும் இடுக்கு இன்னும் சுருங்கும் என்று ஒரு பிளாஸ்டிக் கழுத்தெலும்பை வைத்துக் காட்டினார். இத்தனை வருடத்தில் எனக்கே தெரியாத ஒன்றை அவர் நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

பிறகு நடந்தது எல்லாம் சின்னச் சின்ன விஷயம். மிஷினுக்கென்று ஒரே பவரில் தனிக் கண்ணாடி. ஸ்டூல் இரண்டு அங்குலம் உயர்ந்தது. பல்பு இடது பக்கத்துக்கு வந்தது. முதல் இரண்டு வாரம் வலியைக் கிளறாத மெதுவான அசைவு மட்டும். அதன் பிறகு கழுத்தின் முன் தசைக்கும் தோள்பலகைக்கும் வலுவேற்றும் பயிற்சி. அதற்கு ரப்பர் பட்டை வாங்க வேண்டாம், கடையில் இருக்கிற அகல எலாஸ்டிக் போதும் என்றார். பாபின் சுற்றும் நேரமெல்லாம் எனக்குப் பயிற்சி நேரமானது. இதில் இன்னொன்றும் அவர் மறைக்காமல் சொன்னார்: "இந்த மாதிரி நரம்பு வலி பல பேருக்குச் சில மாசத்துல தானாவும் தணியும் அக்கா. நாம செய்யறது அதுக்கு வழி விடறது, திரும்ப வராமப் பாக்குறது." மூன்று மாதத்தில் நானே ஊசியில் நூல் கோத்தேன்.

"தேய்மானம்" என்ற சொல்லைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒரு சொல்லால் நான் ஒரு மாதம் தண்ணீர்க் குடம் தூக்கவில்லை. தும்மும்போதுகூடக் கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டேன். தேய்ந்த மிதி திரும்ப வளராது என்பது தையல்காரிக்குத் தெரியாதா? என் எலும்பும் அப்படித்தான் என்று நம்பினேன். நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் தேடி எடுத்து வாசித்துக் காட்டிய பிறகுதான் மனசு ஆறியது. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2015-ல் வெளியான ஆய்வு. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! அப்படியானால் படத்தில் தெரிவது பல நேரம் தலை நரைத்தது மாதிரி வயசின் அடையாளம். அதை நோயாளியிடம் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். பயந்தவள் அசைய மாட்டாள். அசையாத தோள் இறுகும்.

மகள் வாசித்துச் சொன்னதில் இன்னொரு விஷயமும் எனக்கு முக்கியமாகப் பட்டது. நாள்பட்ட கழுத்து வலிக்குப் பயிற்சி பலன் தருகிறது. ஆனால் வலுவேற்றுவதா, நீட்டுவதா, யோகாவா என்று ஒப்பிட்டுப் பார்த்தால், இதுதான் உசத்தி என்று எதையும் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். இதைக் கேட்டு, அப்படியானால் எதைக் கொடுத்தாலும் ஒன்றுதானே, ஜெராக்ஸ் தாளே போதுமே என்று ஒருவர் நினைக்கலாம். எனக்குத் தோன்றுவது நேர் எதிர். எல்லாப் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே பலன் தருமென்றால், இந்த ஆள் எதை விடாமல் செய்வார் என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி. அதற்கு விடை அவரிடம் கேட்டால்தான் வரும். தரையில் படுத்தால் எழ முடியாத பாட்டியிடம் குப்புறப் படுக்கும் பயிற்சி இருந்தென்ன, இல்லாமலென்ன?

இனி என் மைனி, அதாவது அண்ணி, கதை. அவருக்கு 22 வருடம் அண்டியாபீஸில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில் வேலை. குறுக்கே பலகை மாதிரி ஒரு மணைமேல் உட்கார்ந்து, தலையைக் குனிந்து பருப்பின் தோல் உரிப்பது. சர்க்கரையும் உண்டு. ஒரு நாள் "கையப் பொக்க முடியல்ல" என்றார். பொக்க என்றால் தூக்க. தலை சீவ முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. அது உறைந்த தோள் என்று உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கி, தடித்து, இறுகுவது. 40-லிருந்து 60 வயதுக்குள் அதிகம், பெண்களுக்கு அதிகம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். முதலில் வலிக்கிற கட்டம், பிறகு இறுகுகிற கட்டம், அதன் பின் மெல்ல விடுகிற கட்டம் என்று ஒரு வருடமோ மூன்று வருடமோ இழுக்கும்.

மைனி போன இடத்தில் அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பார்க்கவில்லை. வலி கொழுந்துவிட்டு எரிகிற நேரத்தில் ஒருவர் தோளை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கையைப் பிடித்து மேலே தள்ளியிருக்கிறார். வலித்தாலும் செய்தால்தான் சரியாகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சுவரில் விரலை ஊன்றி ஊன்றிக் கையை ஏற்றும் பயிற்சியை மைனி அழுதுகொண்டே செய்தார். நாலாம் நாள் நிறுத்தினார். ஐந்து மாதம் எந்த வைத்தியரையும் கிட்டே விடவில்லை. அதற்குள் தோள் நன்றாக இறுகிவிட்டது. ஜாக்கெட்டுக்குள் கையை நுழைக்க முடியாமல், அந்த ஐந்து மாதமும் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டியோடு வீட்டுக்குள்ளேயே இருந்தார். சம்பளம் போனது வேறு.

வலிக்கிற கட்டத்தில் மெதுவாக, வலி தாங்கும் எல்லைக்குள் அசைக்க வேண்டும், ராத்திரி கைக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கச் சொல்ல வேண்டும், தேவையென்றால் மூட்டுக்குள் ஊசி போட டாக்டரிடம் அனுப்ப வேண்டும், அந்த ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இறுகின கட்டத்தில் அழுத்தி நீட்டலாம். ஒரே தோள், ஒரே ஆள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு வேறு வைத்தியம். ஒருவருக்கு ஒருமுறை அளவெடுத்தால் போதாது என்பதை என் தொழிலிலும் பார்க்கிறேன். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பழைய அளவு ஜாக்கெட்டை வைத்துத் தைத்தால் எப்படியிருக்கும்?

இந்த மாவட்டம் சிறியதுதான், ஆனால் தோளை வருத்துகிற வேலை எத்தனை வகை! குலசேகரம், அருமனைப் பக்கம் விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர், கீழ்ப்பட்டையில் வெட்டும்போது குனிகிறார், பட்டை தீர்ந்த முதிய மரத்தில் உயரத்தில் வெட்டும்போது அண்ணாந்து நிற்கிறார். இரண்டும் கழுத்துக்கு ஒன்றல்ல. தோவாளையில் பூக் கட்டுகிறவர்களுக்கு விரல் ஓடிக்கொண்டே இருக்கும், தோள் அசையாது. குளச்சலிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் அம்மாவின் கழுத்துக்கு மேலிருந்து பாரம். வலையிழுக்கிற அண்ணனுக்குத் தோள் மூட்டைச் சுற்றிய தசைநாரில் கேடு. பனையேறுகிறவர் உடம்பு முழுவதையும் கையில் தொங்கவிட்டவர். இவர்கள் எல்லாரிடமும் "பாரம் தூக்காதீங்க, ஓய்வு எடுங்க" என்றால், அவர்கள் தலையாட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள். வேறென்ன செய்வார்கள்? எப்படித் தூக்குவது, எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்று சொன்னால் கேட்பார்கள்.

எங்கள் ஊர்களில் இன்னும் வர்ம வைத்தியம் பார்க்கும் வர்மாணி ஆசானிடம் போகிறார்கள், எண்ணெய் தேய்த்து உருவிவிடும் உழிச்சலுக்குப் போகிறார்கள் என்று உங்களில் சிலருக்கு வருத்தம் உண்டு. ஏன் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆசான் கையைத் தொட்டுப் பார்க்கிறார். எங்கே விழுந்தாய், என்றைக்கு, எப்படி என்று கேட்கிறார். அவர் செய்வது எல்லாம் சரியென்று நான் சொல்லவில்லை. முடிவெட்டும் இடத்தில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதெல்லாம் மூளைக்குப் போகும் இரத்தக்குழாயையே கிழித்துவிடலாம் என்று மகள் சொல்லி, வீட்டில் அதை நிறுத்தியிருக்கிறோம். ஆனால் தொடுவதும் கேட்பதும் ஆசானிடம் மட்டும் கிடைக்கிற ஒன்றாக இருக்கக் கூடாது.

கேட்காமல் விட்டால் வருவது வலி நீடிப்பது மட்டுமில்லை. என் கடைக்கு ஓரம் அடித்து, கொக்கி வைத்துத் தரும் ஒரு அக்கா இருந்தார். விரலிலிருந்து கொக்கி நழுவி நழுவி விழும். தன் சட்டைப் பித்தானையே போட முடியாமல் தடுமாறுவார். நடக்கும்போது காலும் சற்றுத் தள்ளாடியது. கழுத்து வலி என்று எங்கோ ஒரு இடத்தில் இரண்டு மாதம் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வைத்தியம் பார்த்த அந்தப் பிள்ளையிடம் அழைத்துப் போனேன். கை விரல்களை வேகமாக மூடித் திறக்கச் சொன்னார், ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். "இது என்கிட்ட இருக்க வேண்டிய கேஸ் இல்ல அக்கா" என்று அன்றைக்கே கடிதம் எழுதி நரம்பியல் அறுவை டாக்டரிடம் அனுப்பினார். தண்டுவடம் நெருக்கப்பட்டிருந்தது. ஆபரேஷன் நடந்தது. போன விரல் வேகம் முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு மாதம் முன்பே யாராவது "பித்தான் போட முடியுதா?" என்று கேட்டிருந்தால் என்று நான் இன்றும் நினைத்து மனம் வெதும்புகிறேன். கழுத்து நோவோடு கை மந்தமாவதும் நடை மாறுவதும் சிறுநீர் கட்டுப்பாடு தவறுவதும், நடந்தால் இடது தோள் வலிப்பதும், காய்ச்சலோடும் மெலிவோடும் ராத்திரி வலிப்பதும் ஆபத்தின் அறிகுறிகளாக உங்கள் பாடத்தில் உள்ளவை. நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன் இவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் ஆகுமா?

அதிகாரிகளுக்கு: இந்த நேரத்தை அவர்களுக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். முதல் தடவை வருகிறவருக்கு அரை மணி நேரமாவது ஒதுக்கச் சொல்லி உத்தரவிடுங்கள். அரை மணி நேரம் ஒருவருக்கே போனால் வரிசையில் நிற்பவர்கள் என்ன ஆவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சரியாக அளவெடுத்து, வீட்டில் செய்யக் கற்றுக் கொடுத்தால் அவர் பத்து நாள் தொடர்ந்து வந்து நாற்காலியை அடைக்க வேண்டாம், நாலைந்து தடவை வந்தால் போதும். அண்டியாபீஸ் பெண்ணுக்கு ஒரு நாள் வருவதென்றால் ஒரு நாள் கூலி போகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பதிவேட்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுத ஒரு கட்டம் இருக்கும். அவர்களால் இப்போது என்ன செய்ய முடிகிறது என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். செய்ய முடியாமல் போன மூன்று வேலைகளை நோயாளியையே சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மார்க் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்கிற முறை இயன்முறை மருத்துவத்திலேயே இருக்கிறது. மைனியைக் கேட்டிருந்தால் ஜாக்கெட் கையை நுழைப்பது, தலை சீவுவது, கிணற்றில் தண்ணீர் கோருவது என்றிருப்பார். டிகிரிக் கணக்கில் கை எவ்வளவு தூக்குகிறது என்பதைவிட அது எங்களுக்குப் புரியும்.

நேரத்தையும் ஊருக்கேற்ப வையுங்கள். பால்வெட்டுகிறவருக்கு மதியத்துக்கு மேல்தான் முடியும். இலை உதிரும் காலத்தில் வெட்டு நிற்கும்போது அவருக்கு நாள்கணக்கில் ஓய்வு உண்டு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டுமே 61 நாள். ஒரு தோளுக்கு வலுவேற்ற அந்த 61 நாளைப் போல வாய்ப்பான காலம் உண்டா? அந்த மாதங்களில் கடற்கரை ஊர்களுக்குப் போய் முகாம் போடுங்கள். மாத்திரை கொடுத்து அனுப்புகிற முகாமாக இல்லாமல், எட்டு வாரம் அதே ஆட்களைத் தொடர்ந்து பார்க்கிற முகாமாக இருக்கட்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவர்களும் உண்டு. அவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கிற நீங்கள், வேறு எந்த மருத்துவரும் காண முடியாததைக் காண்கிறீர்கள். அம்மி எங்கே இருக்கிறது, துணி காயப்போடும் கொடி எவ்வளவு உயரம், தலையணை எத்தனை. கொடியை ஒரு அடி இறக்கிக் கட்டச் சொன்னாலே சில தோள்களுக்குப் பாதி வைத்தியம் முடிந்துவிடும். பயிற்சியைத் தாளில் தராதீர்கள். அந்த வீட்டு வாசல் நிலையைப் பிடித்து, அந்த வீட்டுத் துண்டை எடுத்துச் செய்து காட்டுங்கள். அடுத்த தடவை வரும்போது, அவர்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, என்னால் முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் கடையில் என்னோடு நான்கு பெண்கள் தைக்கிறார்கள். நான்கு பேரும் நான்கு விதமாக உட்காருகிறார்கள். ஒருத்தி இடதுகைக்காரி, ஒருத்தி கால்மிதி மிஷினை விட்டு மோட்டார் மிஷினுக்கு மாற மாட்டேன் என்கிறவள். காலை பதினொரு மணிக்கு வேலை மும்முரமாக இருக்கும். உங்களில் யாரேனும், முக்கியமாகப் படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள், வந்து ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்ப்பதென்றால் எந்த நாளும் வரலாம். ஸ்டூல் போட்டுத் தருகிறேன். நவம்பர் பிறப்பதற்கு முன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
தக்கலை